128 எம்பி எஸ்டிரேம் மாட்யூல்: சூடானதும் மெம்டெஸ்டில் பிழை, பெரிய நியோ ஜியோ கேம்களில் மட்டும் கோடுகள்

ஸ்கேன்லைன்

வணக்கம் நண்பர்களே. டிஇ10-நானோ எஃப்பிஜிஏ போர்டில் (உள் சர்க்யூட்டை மாற்றி அமைக்கக்கூடிய சிப் உள்ள போர்டு) மிஸ்டர் ஓடுது, பழைய கன்சோல்களை நகலெடுக்கிற திட்டம். 40 பின் ஹெட்டரில் 128 எம்பி எஸ்டிரேம் (கூடுதல் நினைவகம்) மாட்யூல் மாட்டியிருக்கு, ரெண்டு 54 கால் சிப் இருக்கிற வகை.

நெஸ், ஜெனிசிஸ், சின்ன நியோ ஜியோ கேம்கள் எதிலும் குறை இல்லை. பழைய 486 பிசியை நகலெடுக்கிற ஏஓ486-ம் நல்லா ஓடுது. பெரிய நியோ ஜியோ கேம்களில் மட்டும், அதுவும் பத்து பதினைந்து நிமிஷம் ஓடி சூடான பிறகு, கேரக்டர்கள் மேல மெல்லிய செங்குத்துக் கோடு விழுது. ஒரே இடைவெளியில், சீப்பு மாதிரி. பின்னணி சில காட்சியில் சுத்தமா இருக்கு, சிலதில் அதுவும் போயிடுது.

மிஸ்டரின் நினைவகச் சோதனையான மெம்டெஸ்டில் அளவு 3 (128 எம்பி) என்று சரியாத்தான் காட்டுது. 130 மெகாஹெர்ட்சில் நிறுத்தி விட்டா முதல் சில நிமிஷம் பிழை பூஜ்யம், அப்புறம் ஏற ஆரம்பிக்குது. சூடான நிலையில் 100-க்கு இறக்கினாலும் பிழை வருது. அணைச்சு ஆறவிட்டு போட்டா மறுபடி சுத்தம்.

எஸ்டி கார்டு மாத்தியாச்சு. கேம் ஃபைல்களின் செக்சம் சரி. கையில் மல்டிமீட்டரும் நுனி மாற்றக்கூடிய சால்டரிங் அயர்னும் இருக்கு, ஆசிலாஸ்கோப் கிடையாது. சிப் செத்துடுச்சா? ஃபேன் வைத்தா சரியாகுமா? எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

---

பிக்சல்பித்தன்

ஃபேன் வாங்கும் முன் இதைப் படியுங்கள். நீங்கள் சொன்ன விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது.

படம் எப்படிக் கெடுகிறது என்பதைப் பார்த்தாலே எந்த வகைக் கம்பியில் கோளாறு என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே இடைவெளியில் கோடு விழுந்தால் டேட்டா கம்பி. நியோ ஜியோ போன்ற பழைய கன்சோல்கள் பலவற்றின் கிராஃபிக்ஸில் ஒரு பைட்டின் எட்டு பிட்டும் அடுத்தடுத்த எட்டு பிக்சல்களுக்குப் போகும். அதில் ஒரே ஒரு பிட் கெட்டால் ஒவ்வொரு எட்டிலும் அதே இடத்துப் பிக்சல் நிறம் மாறும். அதுதான் உங்கள் சீப்பு. படத்துண்டு சுத்தமாக இருந்து, வேறு இடத்தில் வந்து உட்கார்ந்தால் அல்லது ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தால் அட்ரஸ் கம்பியையோ பேங்க் கம்பியையோ (சிப்பின் உள்பிரிவைத் தேர்ந்தெடுப்பது) சந்தேகிக்க வேண்டும். நொடிக்கு நொடி இடம் மாறும் பொரிப்பொரியான புள்ளிகள் என்றால் டைமிங் அல்லது மின்சப்ளை.

உங்கள் பிழை 100 மெகாஹெர்ட்சிலும் நிற்கவில்லை என்பது அடுத்த துப்பு. 130-ல் ஒரு சுற்றுக்கு 7.7 நானோ நொடி, 100-ல் 10 நானோ நொடி. டைமிங் இடுக்கத்தால் வரும் பிழை இவ்வளவு அவகாசம் கொடுத்ததும் ஓடிப்போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே வேகம் காரணமல்ல, எங்கோ ஒரு இணைப்பு சூட்டில் விடுகிறது. சிப்பின் உள்ளே செல் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அப்போது பிழை சில குறிப்பிட்ட முகவரிகளோடு நிற்கும். திரை முழுக்க ஒழுங்கான சீப்பு வராது.

சின்ன கேம்கள் பிழைத்துக்கொள்கின்றன என்பதிலிருந்து கோளாறு மேல் 64 எம்பியில், அதாவது இரண்டாவது சிப்பின் பக்கம் இருக்கலாம் என்று ஊகிக்கலாம். இதை இப்போதைக்கு ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஓ486 ஓடுவதை வைத்து எஸ்டிரேம் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. அந்தக் கோர் (ஒரு கன்சோலையோ கணினியையோ நகலெடுக்கும் எஃப்பிஜிஏ வடிவமைப்பு) போர்டிலேயே இருக்கும் 1 ஜிபி டிடிஆர்3-ல் ஓடுவது. எச்டிஎம்ஐ ஸ்கேலரும் அதே டிடிஆர்3-ஐத்தான் பயன்படுத்தும். எனவே எச்டிஎம்ஐயில் மட்டும் படம் கெட்டு, அனலாக் வெளியீட்டில் சுத்தமாக இருந்தால் அது எஸ்டிரேம் பிரச்சினையே அல்ல. மெம்டெஸ்ட் சோதிப்பது ஹெட்டரில் மாட்டிய மாட்யூலை மட்டுமே. டிடிஆர்3-க்கு லினக்ஸ் பக்கமிருந்து மெம்டெஸ்டர் ஓட்ட வேண்டும்.

சால்டரைத் தொடும் முன் இவற்றை முடித்துவிடுங்கள்:

மின்சாரத்தை அணைத்து, மாட்யூலை ஆட்டாமல் நேராக மேலே இழுங்கள். ஹெட்டர் பின்களையும் சாக்கெட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். மாட்டும்போது இரண்டு முனையும் ஹெட்டரோடு சரியாக ஒத்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தால், 11-ஆம் பின்னில் உள்ள 5 வோல்ட் 3.3 வோல்ட் கம்பிகளுக்குள் போய்ச் சிப்பையும் எஃப்பிஜிஏவையும் சேர்த்துக் கொன்றுவிடும். மேலே ஐஓ போர்டு (கூடுதல் இணைப்புகளுக்கான பலகை) இருந்தால் அதன் தூண்கள் மாட்யூலை அழுத்தி வளைக்கிறதா என்றும் கவனியுங்கள். அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதிப்பது நல்லது.

பிறகு மின்னழுத்தம். மெம்டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், சும்மா மெனுவில் இருக்கும்போது அல்ல. 11-ஆம் பின்னுக்கும் 12-ஆம் பின்னுக்கும் நடுவில் 4.75-க்குக் கீழே போகக்கூடாது. மாட்யூலில் சிப்புக்குப் பக்கத்தில் உள்ள மின்தேக்கியின் இரு முனைகளில் 3.3 வர வேண்டும். சிப்பின் வரம்பு 3.0 முதல் 3.6 வரை. ஹெட்டரில் சரியாக இருந்து மாட்யூலில் மட்டும் குறைந்தால் சாக்கெட்டில்தான் தடை.

இன்னொரு நானோ போர்டு வைத்திருக்கும் நண்பர் இருந்தால் மாட்யூலை மட்டும் அதில் மாட்டி அரைமணி ஓட்டுங்கள். பிழை மாட்யூலோடு போகிறதா, போர்டோடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

---

ஈயக்கம்பி

பிக்சல்பித்தன் சொன்னதோட நானும் ஒத்துப்போறேன், இது கால் விட்ட கேஸ் மாதிரிதான் தெரியுது. சால்டர் பக்கம் என்ன பார்க்கணும்னு சொல்றேன்.

முதல்ல அழுத்திப் பாருங்க. மெம்டெஸ்டை 100-ல் ஓடவிட்டு, பிழை ஏற ஆரம்பிச்சதும் ஒரு பிளாஸ்டிக் குச்சியால ஒவ்வொரு சிப்பின் விளிம்பையும் மெதுவா அழுத்துங்க. விரல் வேண்டாம். விரல் பட்டாலே கம்பியின் கெபாசிட்டன்ஸ் மாறி, இருக்கிற பிழை மறையும், இல்லாத பிழை வரும். எந்த விளிம்பை அழுத்தும்போது எண்ணிக்கை நிக்குதோ அந்தப் பக்கத்தைக் குறிச்சு வைங்க.

அடுத்து சூடு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, அட்டையால ஒரு சிப்பை மறைச்சு மத்ததுக்கு மட்டும் காத்து விடுங்க. கையால தொட்டா தாங்கக்கூடிய சூடு போதும். குளிரவைக்கும் ஸ்பிரே இருந்தா தலைகீழாவும் செய்யலாம், ஆனா ஈரம் படியும். அது காயும்வரை வர்ற பிழைகளை நம்பாதீங்க.

இப்ப மல்டிமீட்டர். மாட்யூலைக் கழற்றி மேஜைமேல வைங்க. டயோடு மோட், சிவப்பு முனை தரையில், கறுப்பு முனை ஒவ்வொரு சிக்னல் காலிலும். சிப்புக்குள்ள இருக்கிற பாதுகாப்பு டயோடு 0.4-க்கும் 0.7-க்கும் நடுவில் ஏதாவது ஒரு எண் காட்டும். அந்த எண் எவ்வளவுங்கிறது முக்கியமில்லை. 16 டேட்டா கம்பியும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டணும், அட்ரஸ் கம்பிகளும் தங்களுக்குள்ள ஒத்துப்போகணும். பூஜ்யத்துக்குப் பக்கமா வந்தா தரையோட ஷார்ட். ரெண்டு பக்கத்துக் கால்கள் சந்தேகமா இருந்தா அதுங்க நடுவில கண்டினியூட்டி பாருங்க.

உங்க மாட்யூலில் ஒரு சிக்கல் இருக்கு, இதைத்தான் நிறைய பேர் தவற விடுறாங்க. ரெண்டு சிப்பும் ஒரே டேட்டா கம்பியைப் பகிர்ந்துக்குது. ஒரு சிப்பின் கால் முழுசா தூக்கி நின்னாலும் மத்த சிப்பின் டயோடு ரீடிங் கொடுத்துடும், மீட்டர் திறந்த சர்க்யூட்னு காட்டவே காட்டாது. ரெண்டு டயோடு இணையா இருக்க வேண்டிய இடத்தில் ஒண்ணுதான் இருக்குன்னா, ரீடிங் சுமார் 20 மில்லிவோல்ட் கூடுதலா வரும். 0.512, 0.514, 0.511 என்று வரும் வரிசையில் ஒண்ணு மட்டும் 0.532 வந்தா அங்கே நில்லுங்க.

உறுதி செய்ய ஹெட்டர் சாக்கெட்டிலிருந்து சிப்பின் காலுக்கே கண்டினியூட்டி பார்க்கணும். போர்டிலிருக்கிற பேட் வரைக்கும் பார்த்தா போதாது. நடுவில ரெசிஸ்டர் நெட்வொர்க் இருந்தா பீப் அடிக்காது, சில பத்து ஓம் காட்டும், அது சரிதான். மீட்டர் முனையைக் காலின் அடிப்பாதத்தில் வைத்தால் நீங்களே அழுத்தி பேடோடு சேர்த்துடுவீங்க, எல்லாம் சரின்னு வந்துடும். சிப்பின் உடலிலிருந்து கால் வெளியே வந்து வளையும் தோள்பட்டைப் பகுதியில், மேலிருந்து அழுத்தாம பக்கவாட்டில் லேசா தொடுங்க. ஊசியை முனையில் கட்டிக்கிட்டா இன்னும் நல்லது.

54 கால் வரிசை எந்தக் கம்பெனி சிப்பானாலும் ஒண்ணுதான். 2, 4, 5, 7, 8, 10, 11, 13 ஆகியவை டிக்யூ0 முதல் டிக்யூ7 வரையான டேட்டா கம்பிகள். எதிர்ப்பக்கம் 42, 44, 45, 47, 48, 50, 51, 53 ஆகியவை டிக்யூ8 முதல் டிக்யூ15. மின்சாரம் 1, 14, 27 மற்றும் 3, 9, 43, 49. தரை 28, 41, 54 மற்றும் 6, 12, 46, 52. மின்சாரக் கால்களையும் விடாம பாருங்க: 43 அல்லது 49 விட்டிருந்தா, அந்தப் பக்கத்து எட்டு டேட்டா கம்பிகளும் ஒரே நேரத்தில் ஒண்ணா மாறும்போது மட்டும் தடுமாறும். அது சீப்பா தெரியாது, பொரியா தெரியும்.

சிப் மாத்துறதெல்லாம் கடைசி. 54 காலையும் ஊதி எடுத்து மறுபடி வைக்கிறதுக்குள்ள பேட் பிய்ஞ்சு போற மாட்யூல்கள்தான் அதிகம்.

---

கோர்_பட்டறை

எந்தக் கம்பி என்று மீட்டரால் தேடுவதற்கு முன், போர்டையே சொல்ல வைக்கலாம். மெம்டெஸ்ட் பிழை இருக்கிறது என்று எண்ணிக்கையாகச் சொல்லுமே தவிர, எந்த பிட் என்று சொல்லாது. குவார்ட்டஸ் (எஃப்பிஜிஏ நிரலைத் தொகுக்கும் மென்பொருள்) பழக்கம் உங்களுக்கு உண்டென்றால், மெம்டெஸ்டின் மூலநிரலில் ஒப்பிடும் இடத்தில் ஒரு 16 பிட் ரெஜிஸ்டர் சேருங்கள். எதிர்பார்த்த மதிப்பையும் படித்த மதிப்பையும் எக்ஸ்ஓஆர் செய்து, விடையை அந்த ரெஜிஸ்டரோடு ஓஆர் செய்துகொண்டே போக வேண்டும். தவறிய பிட்கள் எல்லாம் அதில் 1 ஆக நின்றுவிடும். நானோவில் எட்டு எல்இடிகளும் நான்கு ஸ்லைடு சுவிட்சுகளும் இருக்கின்றன. ஒரு சுவிட்சால் மேல் பைட், கீழ் பைட் என்று மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். கீழ் 64 எம்பிக்கு ஒன்று, மேல் 64 எம்பிக்கு ஒன்று என இரண்டு ரெஜிஸ்டர் வைத்தால் எந்தச் சிப் என்பதும் தெரிந்துவிடும்.

சொந்தமாகச் சோதனை எழுதுவதானால் ஒரு பொறி இருக்கிறது. ஒரு முகவரியில் 1 எழுதி, உடனே அதே முகவரியைப் படித்துப் பார்ப்பதுதான் பலரும் முதலில் எழுதுவது. கால் விட்ட கம்பியில் இந்தச் சோதனை தேறிவிடும். காரணம், எஃப்பிஜிஏ கடைசியாக ஓட்டிய மின்னழுத்தம் கம்பியின் கெபாசிட்டன்சில் சிறிது நேரம் அப்படியே தங்கியிருக்கும். படிக்கும்போது சிப் எதுவும் பேசாவிட்டாலும் தான் எழுதியதையே எஃப்பிஜிஏ திரும்பப் படித்துக்கொள்ளும். இதைத் தடுக்க, எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் வேறொரு முகவரியில் அதன் நேர்எதிர் மதிப்பை எழுத வேண்டும். உங்கள் மாட்யூலில் அந்த இடைப்பட்ட எழுத்தை முதல் சிப்பில் செய்வது சிறந்தது.

அட்ரஸ் சோதனைக்கு 0-விலும், 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்கு முகவரிகளிலும் வெவ்வேறு மதிப்புகளை எழுதிவிட்டு எல்லாவற்றையும் மொத்தமாகப் படியுங்கள். எஸ்டிரேமில் வரிசை முகவரியும் நெடுக்கை முகவரியும் ஒரே கால்கள் வழியாக இருமுறை போகின்றன. 32எம்16 (64 எம்பி) சிப்பில் வரிசைக்கு ஏ0 முதல் ஏ12 வரை 13 கம்பிகள், நெடுக்கைக்கு ஏ0 முதல் ஏ9 வரை 10 கம்பிகள். எனவே ஏ5 என்ற ஒரே கால் விட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முகவரி பிட்கள் சேர்ந்து கெடும். இரண்டு கோளாறு என்று எண்ணி அலைய வேண்டாம். ஏ10 தனி ரகம்: ப்ரீசார்ஜ் கட்டளையின்போது எல்லாப் பேங்க்குகளையும் மூடுவதா, ஒன்றை மட்டுமா என்று தீர்மானிப்பது அதுதான். அது தடுமாறினால் பிழைகள் எந்த ஒழுங்கிலும் அடங்காது.

மிஸ்டர் கோர்கள் பலவற்றில் பைட் மறைப்புக் கம்பிகளான டிக்யூஎம் இரண்டும் ஏ11, ஏ12 கம்பிகளோடு சேர்த்தே ஓட்டப்படுகின்றன; நெடுக்கை முகவரி போகும் நேரத்தில் அந்த இரண்டும் சும்மா இருப்பதால் இது சாத்தியம். ஆகவே பதினாறடிமானத்தில் ஏஏஏஏ எழுதி, கீழ் பைட்டில் மட்டும் 55 எழுதி, ஏஏ55 வருகிறதா என்று பார்க்கும் சோதனையை விட்டுவிடாதீர்கள். டிக்யூஎம் கால்களான 15-ஓ 39-ஓ விட்டிருந்தால் இதில்தான் பிடிபடும். 16 பிட்டாகவே எழுதிப் படிக்கும் சோதனையில் அது முழுமையாகத் தெரியாது.

கடைசியாக ரெஃப்ரெஷ். 8192 வரிசைகளையும் 64 மில்லி நொடிக்குள் புதுப்பிக்க வேண்டும், அதாவது சராசரியாக 7.8 மைக்ரோ நொடிக்கு ஒன்று. 100 மெகாஹெர்ட்சில் சுமார் 780 சுற்றுகள். ரெஃப்ரெஷ் நின்றே போனாலும் சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலான செல்கள் சில நொடிகள் தாக்குப்பிடிக்கும், சூட்டில்தான் சீக்கிரம் மறக்கும். அதனால் “சூடானதும் பிழை” என்ற அறிகுறி ரெஃப்ரெஷ் கோளாறுக்கும் பொருந்தும். பிரித்தறிய, நினைவகம் முழுக்க எழுதிவிட்டு ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் நிறுத்திப் படியுங்கள். எழுதிய உடனே படித்தால் சுத்தமாகவும், காத்திருந்து படித்தால் மட்டும் பிழையாகவும் வந்தால் அது ரெஃப்ரெஷ். இரண்டிலும் ஒரே பிட் தவறினால் கம்பி.

---

ஸ்கேன்லைன்

எல்லாத்தையும் வரிசையா செய்து பார்த்தேன், முடிவு இதோ.

மெம்டெஸ்ட் ஓடும்போது 5 வோல்ட் பக்கம் 4.96, மாட்யூலில் 3.29. ஹெட்டர் துடைச்சதில் மாற்றமில்லை. ஐஓ போர்டைக் கழற்றியும் அதேதான்.

குவார்ட்டஸில் ரெண்டு ரெஜிஸ்டர் சேர்த்தேன். கீழ் 64 எம்பி முழுக்க பூஜ்யம். மேல் 64 எம்பியில் சூடான பிறகு பதினாறடிமானத்தில் 0800, அதைத் தவிர ஒரு பிட்கூட எரியலை. அது டிக்யூ11 தானே? உடனே படித்தாலும், காத்திருந்து படித்தாலும் அதே பிட்.

டயோடு மோடில் மற்ற டேட்டா கம்பிகள் 0.548 முதல் 0.552 வரை. டிக்யூ11 மட்டும் ஆறிய நிலையில் 0.551, ஹேர் டிரையர் காட்டினதும் 0.569. லென்ஸில் பார்த்தா அந்தக் காலின் நுனியைச் சுத்தி ஈயம் இருக்கிற மாதிரித்தான் இருக்கு, ஆனா பக்கத்துக் கால்களில் ஈயம் காலின் மேலே ஏறி பளபளன்னு சரிவா இருக்க, இதில் காலுக்கும் ஈயத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரியுது.

இந்த ஒரு காலை மட்டும் தொட்டா போதுமா, முழு வரிசையையும் செய்யணுமா?

---

ஈயக்கம்பி

அந்தக் கறுப்புக் கோடுதான் ஆள். ஈயம் பேடில் ஒட்டியிருக்கு, காலில் ஒட்டலை. ஆறியிருக்கும்போது உரசிக்கிட்டு நிக்குது, போர்டும் காலும் வேற வேற அளவில் விரியும்போது பிரியுது. 47-ஆம் கால், 54-ஆம் காலையும் சேர்த்து அந்த முனையிலிருந்து எண்ணினா எட்டாவது. தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எண்ணுங்க.

முழு வரிசையையும் செய்யுங்க. ஒரு காலில் ஈயம் ஏறலைன்னா அந்த வரிசையில் ஃபிளக்ஸ் பத்தலைன்னு அர்த்தம், அடுத்து இன்னொண்ணு விடும். 27 காலும் சேர்த்து ரெண்டு நிமிஷ வேலை.

தேவை: நோ-கிளீன் ஜெல் ஃபிளக்ஸ், 0.5 மிமீ 63/37 ஈயக்கம்பி, 2 மிமீ அளவில் தட்டை அல்லது சாய்வெட்டு நுனி, மெல்லிய சால்டர் விக், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ். ஊசி நுனி வேண்டாம், அது சூட்டைக் கடத்தாது. குழாய் வேலைக்கு விக்கிற ஆசிட் ஃபிளக்ஸைத் தொடவே தொடாதீங்க, கால்களை அரிச்சுடும்.

மாட்யூலை அசையாம பிடிச்சு, பழைய கறையை ஆல்கஹாலால தேய்ச்சு எடுங்க. வரிசை முழுக்க ஃபிளக்ஸை ஒரு கோடா பூசுங்க, கஞ்சத்தனம் வேண்டாம். அயர்ன் 330 டிகிரி. பழைய ஈயம் லெட்-ஃப்ரீயா இருந்து உருக மறுத்தா 350. நுனியில் ஒரு துளி புது ஈயம் எடுத்து, காலின் பாதமும் பேடும் சேருற இடத்தில் வெளியிலிருந்து தொடுங்க. ஒண்ணு, ஒன்றரை நொடி. ஈயம் காலின் குதிகால் பக்கம் வரைக்கும் ஓடிப் பளிச்சுன்னு சரியும், அதைப் பார்த்ததும் எடுத்துடுங்க. காலை மேலிருந்து அமுக்காதீங்க. அமுக்கி ஒட்டினா கால் ஸ்பிரிங் மாதிரி இழுத்துக்கிட்டே இருந்து, கொஞ்ச நாளில் மறுபடி பிரியும். 47-ஐ முதலில் முடிச்சுட்டு மத்த கால்களுக்குப் போங்க, நாலஞ்சு காலுக்கு ஒருமுறை நுனியைத் துடைங்க.

46, 52, 54, 41 போன்ற தரைக் கால்கள் சூட்டை உறிஞ்சும், அங்கே அரை நொடி கூட வைக்கணும். கால் இடைவெளி 0.8 மிமீதான், நடுவில் ஈயப்பாலம் விழும். விழுந்தா பயப்பட ஒண்ணுமில்லை: மேலே ஃபிளக்ஸ் வைத்து, விக்கைப் பாலத்து மேல படுக்கவைத்து, அதுமேல அயர்னை வைத்து, ஈயம் ஏறினதும் விக்கையும் அயர்னையும் ஒண்ணா தூக்குங்க. விக் ஒட்டிக்கிட்ட நிலையில் பக்கவாட்டில் இழுத்தா பேட் வந்துடும்.

கழுவிட்டு, நல்லா காயவைங்க. பிரஷ் போகாத இடத்தில், சிப்பின் அடியில் ஆல்கஹாலும் ஃபிளக்ஸும் கலந்து தங்கும். பத்து நிமிஷம் டிரையர் காத்து காட்டுங்க. அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு ஷார்ட் பாருங்க, 43, 49 ரெண்டுக்கும் தரைக்கும் நடுவிலும் பாருங்க. இதெல்லாம் முடிக்காம போர்டில் மாட்ட வேண்டாம்.

---

ஸ்கேன்லைன்

முடிச்சாச்சு. 47-ல் ஈயம் இப்ப காலின் மேல வரைக்கும் ஏறியிருக்கு, கறுப்புக் கோடு இல்லை. 49-க்கும் 50-க்கும் நடுவில் ஒரு பாலம் விழுந்தது, விக் வைத்து எடுத்தேன். சூட்டில் டிக்யூ11 ரீடிங் 0.550-லேயே நிக்குது.

130-ல் ரெண்டு மணி நேரம், டிரையர் சூட்டோட, பிழை பூஜ்யம். மேல் ரெஜிஸ்டர் 0000. பெரிய கேம்களில் கோடு இல்லை. ரொம்ப நன்றி மூணு பேருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். ஆட்டோ மோடில் விட்டா 167-ல் தொடங்கி இறங்கி 140-ல் போய் நிக்குது. வேற யாராவது 160 வருதுன்னு சொன்னா பொறாமையா இருக்கு. இன்னும் ஏதாவது விட்டிருக்கா?

---

கோர்_பட்டறை

விடவில்லை. 140 நல்ல எண்தான். மாட்யூல் 130-ஐத் தாண்டினால் போதும் என்பதே வழக்கமான அளவுகோல்.

சிப்பின் தலையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். முடிவில் -7 என்றிருந்தால் அது 143 மெகாஹெர்ட்சுக்கு விற்கப்பட்ட சிப், -6 என்றால் 166. உங்களுடையது -7 ஆக இருந்தால் 140 என்பது அது வாக்களித்த வேகமேதான். அந்த வகையில் கடிகார விளிம்புக்குப் பிறகு டேட்டா வெளியே வர 5.4 நானோ நொடி வரை ஆகலாம். 167-ல் மொத்தச் சுற்றே 6 நானோ நொடி. மிச்சம் 0.6-ல் ஹெட்டர், போர்டுக் கம்பி, எஃப்பிஜிஏவின் உள்ளீட்டு ரெஜிஸ்டர் எல்லாம் அடங்க வேண்டும். கடிகாரக் கட்டத்தைத் தள்ளி வைத்து அந்த இடுக்கைச் சமாளிக்கிறார்கள், ஆனால் இரண்டு சிப் தொங்கும் கம்பியில் சுமை இரட்டிப்பு. ஒரே சிப் உள்ள 32 எம்பி மாட்யூல் 160 எட்டுவதோடு இதை ஒப்பிடுவதில் நியாயமில்லை.

கோர்கள் அந்த வேகத்தில் ஓடுவதும் இல்லை. நெஸ் கோர் மெமரியை 85.9 மெகாஹெர்ட்சில் ஓட்டுகிறது, அதாவது 21.477-இன் நான்கு மடங்கு. ஜெனிசிஸ் 107.4, அது 53.69-இன் இரு மடங்கு. கேம் ஓடும் வேகம் அசல் கன்சோலின் கடிகாரத்தைப் பொறுத்தது என்பதால் மாட்யூல் 160 எட்டினாலும் கேமில் எதுவும் கூடாது.

மெம்டெஸ்ட் 140-ல் தேறியும் ஏதாவது ஒரே ஒரு கோர் மட்டும் பொரிப்பொரியாகக் காட்டினால், மாட்யூலை மறுபடி கழற்ற வேண்டாம். கடிகாரக் கட்டத்தையும் காஸ் லேட்டன்சியையும் (படிக்கச் சொன்னதிலிருந்து டேட்டா வரும்வரை உள்ள சுற்றுகள்) ஒவ்வொரு கோரும் தன் போக்கில் வைத்திருக்கும். அந்தக் கோரின் முந்தைய பதிப்பை ஓட்டிப் பாருங்கள். அதில் சுத்தமாக இருந்தால் பதிப்பு எண், மாட்யூலின் அளவு, சிப்பின் வேக எழுத்து, மெம்டெஸ்ட் நின்ற எண் ஆகிய நான்கையும் எழுதி அந்தக் கோரின் பிழைப் பட்டியலில் போடுங்கள். நீங்களே தொகுப்பதானால், டேட்டா கம்பிகளுக்கு ஃபாஸ்ட் இன்புட் ரெஜிஸ்டர், ஃபாஸ்ட் அவுட்புட் ரெஜிஸ்டர், ஃபாஸ்ட் அவுட்புட் எனேபிள் ரெஜிஸ்டர் மூன்றும் அமைப்புக் கோப்பில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை இல்லாவிட்டால் ரெஜிஸ்டர்கள் எஃப்பிஜிஏவின் உள்ளே எங்கெங்கோ போய் உட்காரும், ஒவ்வொரு தொகுப்பிலும் டைமிங் மாறும்.

நீங்கள் சேர்த்த அந்த இரண்டு ரெஜிஸ்டர் உள்ள மெம்டெஸ்ட் பதிப்பை அழித்துவிடாமல் வைத்திருங்கள். முடிந்தால் மாற்றிய வரிகளை இங்கே பதியுங்கள், இரண்டு சிப் மாட்யூல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு மீட்டரை எடுக்கும் முன்பே கால் எண் தெரிந்துவிடும்.